தாய்மாமனுக்கு ஹீமோஃபிலியா, மணப்பெண் அக்கா மகள்: ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து மரபியல் ஆலோசனைக்கு வந்த குடும்பம் இது. அடையாளம் தெரியாமலிருக்க வயது, தொழில் போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயும் உறவுமுறையும் பரிசோதனை முடிவுகளும் அப்படியே இருக்கின்றன.

மையத்தில் இருப்பவர் 27 வயது இளைஞர். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் கடுமையான ஹீமோஃபிலியா ஏ. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபேக்டர் 8 என்ற புரதம் அவர் உடலில் 1 சதவீதத்துக்கும் குறைவு. தவழத் தொடங்கிய வயதிலேயே முட்டியிலும் முழங்கையிலும் கருநீலத் திட்டுகள் தெரிந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டபோது இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. மூன்று வயதில் நோய் உறுதியானது. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. அவர் சிறுவனாக இருந்தபோது நிலைமை அப்படி இல்லை. அந்த ஆண்டுகளில் மூட்டுக்குள் திரும்பத் திரும்பக் கசிந்த ரத்தம் வலது முழங்காலைக் கெடுத்துவிட்டது; அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

அவருக்கு இரண்டு அக்காக்கள். மூத்த அக்காவுக்கு 21 வயதில் ஒரு மகளும் 17 வயதில் ஒரு மகனும். இளைய அக்காவுக்கு 11 வயதில் ஒரே மகள். மூத்த அக்கா மகளை இவருக்கே கட்டி வைப்பது என்பது அந்தப் பெண் பிறந்தபோதே பெரியவர்கள் பேசி முடித்த விஷயம். வெளியில் பெண் கேட்டால் வியாதியைச் சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் தரமாட்டார்கள், அக்கா மகள் என்றால் தெரிந்தே ஏற்றுக்கொள்வாள் என்ற கணக்கும் அதில் சேர்ந்திருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கும் முன், ஃபேக்டர் போட வந்த இடத்தில் இளைஞர் செவிலியரிடம் பேச்சுவாக்கில் திருமணத்தைச் சொல்லியிருக்கிறார். அவர்தான் எங்களிடம் அனுப்பி வைத்தார். அந்தச் செவிலியர் கேட்காமல் விட்டிருந்தால் எழுத இந்த நிகழ்வே இருந்திருக்காது.

முதல் சந்திப்பு: குடும்ப வரைபடம்

முதல் வேலை, ஒரு வெள்ளைத்தாளில் குடும்பத்தை வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு. இளைஞரின் அம்மாதான் அதிகம் சொன்னார். தன் தம்பி ஆறு வயதில் பால்பல் விழுந்து, ரத்தம் நிற்காமலே இறந்துபோனதைச் சொன்னார். “அப்போ காத்து கருப்புன்னு சொன்னாங்கம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டான்.” அந்தச் சிறுவனின் சதுரத்தையும் கறுப்பாக்கினேன்.

தம்பிக்கும் மகனுக்கும் நோய் இருந்தால், நடுவில் இருக்கும் இந்த அம்மா கேரியர், அதாவது பழுதான மரபணுவைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர், என்பதற்குப் பரிசோதனையே தேவையில்லை. ஃபேக்டர் 8 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றொன்று ஓரளவு ஈடுகட்டும். ஆணுக்கு ஒரே எக்ஸ். அது பழுதானால் ஈடுகட்ட ஆளில்லை. அந்த எக்ஸ் அவனுக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. 1803-லேயே ஃபிலடெல்பியா மருத்துவர் ஜான் கான்ராட் ஓட்டோ, சில குடும்பங்களில் ஆண்கள்தான் இப்படி ரத்தம் கசிந்து அவதிப்படுகிறார்கள், நலமாக இருக்கும் பெண்கள் வழியாக அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று எழுதிவிட்டார். குரோமோசோம் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது.

வரைபடம் போடும்போது அந்த அம்மா தன்னைப் பற்றியும் ஒன்று சொன்னார். மூன்று பிரசவத்திலும் அளவுக்கு மீறி ரத்தம் போனது; பல் பிடுங்கியபோது மறுநாள் வரை துணி வைத்து அடைத்திருந்தார்கள். இதை அவர் நோயோடு சேர்த்தே பார்க்கவில்லை. “பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்தானே” என்றார். அதைக் குறிப்பில் தனியாக எழுதிக்கொண்டேன்.

குடும்பம் தைரியமாக இருந்ததற்கு மூன்று காரணங்கள்

முதலாவது, மூத்த அக்காவின் மகன் நலமாக இருக்கிறான். கபடி விளையாடுகிறான், அடிபட்டாலும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஆகவே அக்காவிடம் நோய் இல்லை, அவள் மகளிடமும் இருக்காது. இந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. கேரியராக இருக்கும் அம்மாவின் மகன்களுக்கே ஒவ்வொரு முறையும் பாதி வாய்ப்புதான் நோய் வர. இந்த அக்கா நிலையில் உள்ள நான்கு பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் அம்மா கேரியர் என்பதால், சராசரியாக இரண்டு பேர் கேரியர், இரண்டு பேர் இல்லை. நால்வருக்கும் ஆளுக்கு ஒரு மகன். கேரியர்கள் இருவரில் ஒருவருக்கு நோயுள்ள மகன், மற்றவருக்கு நலமான மகன். கேரியர் அல்லாத இருவருக்கும் நலமான மகன்கள். ஆக, நலமான மகன் உள்ள மூன்று பேரில் ஒருவர் கேரியர். அக்காவின் வாய்ப்பு இரண்டில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, அவ்வளவுதான். அவர் மகளுக்கு அதில் பாதி: ஆறில் ஒன்று.

இரண்டாவது, ஹீமோஃபிலியா பெண்களுக்கு வராது என்ற நம்பிக்கை. வெளியில் கட்டினால் பெரும்பாலும் அப்படித்தான். இந்தத் திருமணத்தில் அப்படி இல்லை. மாப்பிள்ளையிடம் இருப்பது பழுதான ஒரே எக்ஸ். பெண்ணும் கேரியராக இருந்துவிட்டால், பிறக்கும் மகள் அப்பாவிடமிருந்து பழுதானதைக் கட்டாயம் வாங்குவாள். அம்மாவிடமிருந்தும் பழுதானது வர பாதி வாய்ப்பு. இரண்டும் பழுதானால் அவளுக்கும் அப்பாவைப் போலவே கடுமையான நோய். மாதவிடாய் தொடங்கும் வயதில் அது உயிருக்கே ஆபத்து. மகன் பிறந்தாலும் அதே பாதி வாய்ப்பு. பரிசோதனை செய்யாமல் பார்த்தால், ஆணோ பெண்ணோ ஒவ்வொரு குழந்தைக்கும் பன்னிரண்டில் ஒன்று. பெண் கேரியர் என்று தெரிந்துவிட்டால் இரண்டில் ஒன்று.

மூன்றாவது காரணம் ஒரு காகிதம். குடும்பம் முன்னெச்சரிக்கையாக ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் பெண்ணின் ஃபேக்டர் 8 அளவைப் பார்த்திருந்தது. 72 சதவீதம். ‘இயல்பு’ என்று அச்சடித்திருந்தார்கள். அளவு இயல்புதான், ஆனால் அதை வைத்துக் கேரியர் இல்லை என்று சொல்ல முடியாது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடுகிறது. எது அணையும் என்பது கருவின் தொடக்க நாட்களில் செல்லுக்குச் செல் தற்செயலாக முடிவாகிறது. ஆகவே கேரியர்களின் அளவு சராசரியாக 50 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும், சிலருக்கு 20 இருக்கும், சிலருக்கு 90 இருக்கும். காய்ச்சல், பதற்றம், கருத்தரிப்பு எல்லாமே அந்த எண்ணை மேலே தள்ளும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

திருமணம் வேண்டும், வேண்டாம் என்று எதுவும் சொல்வதில்லை என்பது முதல் முடிவு. சொன்னால் அவர்கள் கேட்டிருக்கவும் கூடும். ஆனால் நாளைக்கு அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு நாங்கள் பொறுப்பேற்கப் போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லி, முடிவை அவர்களிடம் விட்டோம். நெருங்கிய ரத்த உறவுத் திருமணத்தில் வேறு ஒடுங்கு மரபணு நோய்களுக்கும் (மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் நோய்கள்) வாய்ப்பு கூடும் என்பதையும் சொன்னோம். தாய்மாமன்–அக்கா மகள் உறவில் பிறக்கும் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வர எட்டில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது பதினாறில் ஒன்று.

மரபணுப் பரிசோதனையை இளைஞரிடமிருந்து தொடங்குவது என்பது அடுத்த முடிவு. ‘கட்டப் போற பொண்ணுக்குத்தானே பாக்கணும், இவனுக்குத்தான் இருக்குன்னு தெரியுமே’ என்று மூத்த அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஃபேக்டர் 8 மரபணு பெரியது. 26 எக்ஸான்கள் (புரதத்துக்கான செய்தி உள்ள துண்டுகள்), ஏறக்குறைய 1,86,000 டி.என்.ஏ. எழுத்துகள். பழுது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இந்தக் குடும்பத்தின் பழுது எது என்று தெரியாமல் பெண்ணிடம் தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அவளிடம் இல்லையா அல்லது தேடிய இடம் தவறா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இளைஞரிடம் கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்களிடம் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், விடை ஐயமில்லாமல் வரும். கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகைப் பழுதுதான் இருக்கிறது: மரபணுவின் ஒரு பெரிய துண்டு இன்ட்ரான் 22 என்ற, எக்ஸான்களுக்கு இடைப்பட்ட பகுதியில் முறிந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும் இன்வெர்ஷன். அதை முதலில் பார்த்தோம்.

இன்னொரு முடிவையும் இங்கே எழுத வேண்டும். அதுவரை அந்த 21 வயதுப் பெண் வாயே திறக்கவில்லை. அம்மா, பாட்டி, மாமா எல்லாரும் அவளுக்காகப் பேசினார்கள். ரத்தம் எடுக்கும் முன் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினோம். பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, முடிவு முதலில் அவளுக்குத்தான் சொல்லப்படும், அவள் விரும்பினால்தான் மற்றவர்களுக்கு என்று சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எனக்கு மாமாவைப் பிடிக்கும். ஆனா நான் அவருக்கு ஊசி போடற ஆளா மட்டும்தான் என்னைக் கட்டிக் கொடுக்கறாங்களோன்னு தோணும்” என்றாள். பரிசோதனை வேண்டும் என்றாள்.

முடிவு வந்தபோது

இளைஞரிடம் இன்ட்ரான் 22 இன்வெர்ஷன் உறுதியானது. மூத்த அக்காவிடமும் அது இருந்தது. மகளிடமும் இருந்தது. 72 சதவீதம் என்ற அந்த ‘இயல்பான’ அளவோடு அவள் கேரியர்.

பெண்ணிடம் முதலில் சொன்னோம். அவளே எல்லாரையும் உள்ளே கூப்பிடச் சொன்னாள். அறையில் அழுதது பாட்டிதான், இளைஞரின் அம்மா. “என் ரத்தம்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இது ஒவ்வொரு ஹீமோஃபிலியா குடும்பத்திலும் நான் கேட்கும் வாக்கியம், ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. நோய் தாய்வழியில் வருவதால் பழி முழுக்கப் பெண்கள் தலையில் விழுகிறது. அவருக்கு ஆறுதலாக மட்டுமல்ல, உண்மையாகவே சொல்ல ஒன்று இருந்தது. இந்த வகை இன்வெர்ஷன் புதிதாக உண்டாகும் இடம் பெரும்பாலும் ஆணின் விந்தணு. பெண்ணின் செல்லில் எக்ஸ் இரண்டு இருப்பதால் பக்கத்தில் உள்ளது அதோடு இணைகோடாகச் சேர்ந்து நிற்கிறது. விந்தணு உருவாகும்போது எக்ஸுக்கு அப்படி முழு இணை கிடையாது, தன் மேலேயே மடங்கித் தவறாக ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஆகவே இந்தக் குடும்பத்திலும் எங்கோ முந்தைய தலைமுறையில், நோயே இல்லாத ஓர் ஆணிடம் இது தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். பாட்டி நிமிர்ந்து பார்த்து, “அப்போ எங்க தாத்தாகிட்ட இருந்துகூட வந்திருக்கலாமா?” என்றார். இருக்கலாம் என்றேன்.

இளைஞர் கேட்டது வேறு. “அப்போ நான் கல்யாணமே பண்ணக் கூடாதா? எனக்குப் பையன் பிறந்தா அவனும் இப்படித்தானே நடப்பான்?” பல ஆண்டுகளாக அவர் மனதில் இருந்த பயம் அது, யாரிடமும் கேட்டதில்லை. மகனுக்கு அப்பா தருவது ஒய் குரோமோசோம். பழுதான எக்ஸ் அவனுக்குப் போகவே போகாது. கேரியர் அல்லாத பெண்ணை அவர் மணந்தால் பிறக்கும் மகன்கள் எல்லாருமே இந்த நோயிலிருந்து விடுபட்டவர்கள், அவர்கள் பிள்ளைகளும்தான். மகள்கள் அனைவரும் கட்டாயம் கேரியர்கள். இதைத் தாளில் வரைந்து காட்டினேன். அவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நோய் தெரிந்து 24 ஆண்டுகளாக மருத்துவமனைக்கு வந்துபோகும் ஒருவருக்கு இந்த அடிப்படை விஷயத்தை யாரும் சொல்லவில்லை என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

17 வயது மகனைப் பற்றியும் கேட்டார்கள். அவனுக்கு நோய் இல்லை என்றால் அவன் எக்ஸில் பழுது இல்லை. ஒளிந்திருந்து அடுத்த தலைமுறையில் வருவதற்கு ஆணிடம் இடமே கிடையாது. அவனுக்குப் பரிசோதனை தேவையில்லை.

பின்னர் நடந்தவை

மறுபடி வரும்போது குடும்பமே முடிவோடு வந்தது. திருமணப் பேச்சைக் கைவிட்டுவிட்டார்கள். முதலில் மறுத்தது இளைஞர்தான் என்று பெண் சொன்னாள். மூத்த அக்காவுக்கும் பாட்டிக்கும் சில மாதங்கள் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் சரியானது.

பெண்ணுக்கு வெளியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கேரியர் என்பதை நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். வந்த முதல் வரன் அதோடு நின்றது. அடுத்த வரனின் மாப்பிள்ளை அவளோடு எங்களிடம் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். திருமணம் நடந்தது.

கருவுற்றதும் அவள் வந்தாள். பாலினம் சார்ந்த மரபு நோய்களுக்குக் கருவில் பரிசோதனை செய்ய, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம், அதில் சிறிய அளவு கருச்சிதைவு ஆபத்தும் உண்டு. இரண்டையும் சொன்னோம். அவள் வேண்டாம் என்றாள். மாமாவோடு வளர்ந்தவள் அவள். இந்த நோயோடு ஒருவர் கடை வைத்து, சம்பாதித்து, சிரித்துப் பேசி வாழ்வதைக் கண்ணால் பார்த்தவள். எந்த முடிவு வந்தாலும் கருவைக் கலைக்கப் போவதில்லை என்றால் ஆபத்து எதற்கு என்று கேட்டாள்.

ஆகவே பிறக்கும் குழந்தை ஆண், நோய் உள்ளது என்று வைத்துக்கொண்டே பிரசவத்தைத் திட்டமிட்டோம். கடைசி மூன்று மாதத்தில் அவளது ஃபேக்டர் 8 அளவு 118 சதவீதம். கர்ப்பகாலத்தில் இது தானாகவே உயரும். பிரசவம் முடிந்த சில நாட்களில் இறங்கிவிடும் என்பதால் அதற்குப் பிறகான உதிரப்போக்கைக் கவனிக்கச் சொல்லி எழுதினோம். குழந்தையை உறிஞ்சி இழுக்கும் வாக்குவம், இடுக்கி போன்ற ஆயுதம் கூடாது, தேவைப்பட்டால் நேராக அறுவை சிகிச்சை, தொப்புள்கொடி ரத்தத்தில் ஃபேக்டர் 8 பார்க்க வேண்டும், அதுவரை தசையில் ஊசி போடக் கூடாது என்ற குறிப்புகளை ஒரே தாளில் எழுதி அவள் கையிலேயே கொடுத்தோம். ராத்திரியில் எந்த மருத்துவர் பணியில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது, தாள் அவளிடம் இருப்பதே பாதுகாப்பு.

சுகப்பிரசவம். ஆண் குழந்தை. ஃபேக்டர் 8, 1 சதவீதத்துக்கும் கீழே.

மாமா பட்டது எதையும் இந்தக் குழந்தை படவில்லை என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தடுப்பூசிகள் மெல்லிய ஊசியில் போடப்பட்டு, சில நிமிடம் அழுத்திப் பிடிக்கப்பட்டன. குலதெய்வக் கோவிலில் மொட்டை போட்டார்கள், காது குத்துவதை மட்டும் ஃபேக்டர் ஏற்பாடு செய்யும்வரை தள்ளிவைத்தார்கள். நடக்கத் தொடங்கும் முன்பே, மூட்டுக்குள் முதல் கசிவு வருவதற்கு முன்பே, வாரம்தோறும் தடுப்பு முறையில் ஃபேக்டர் தருவது தொடங்கியது. ஊசி போடக் கற்றுக்கொடுத்தது அவன் தாய்மாமன் தாத்தா, அந்த இளைஞர். அவருக்கும் இப்போது வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள். நோயைச் சொல்லியே பார்க்கிறார்கள்.

என்ன மாற்றினோம்

இந்தக் குடும்பத்தின் வரைபடத்தை இளைஞருக்கு மூன்று வயதில் நோய் உறுதியான அன்றே யாராவது வரைந்திருக்க முடியும். இறந்துபோன ஆறு வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு கேள்வி போதும். அன்றே அக்காக்கள் இருவரின் பெயரும் பதிவேட்டில் ஏறியிருக்கும், ஒரு திருமணத்தைச் சுற்றி 21 ஆண்டுகளாக ஒரு பெண்ணின் எதிர்காலம் கட்டப்பட்டிருக்காது. இப்போது எங்களிடம் ஃபேக்டர் போட வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று தலைமுறை வரைபடம் கோப்பில் இருக்கிறது. அம்மா, சகோதரிகள், சித்தி, பெரியம்மா, அவர்கள் மகள்கள் எல்லாரும் அதில் உண்டு. யாரைக் கூப்பிடலாம் என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிக்கிறது. ஃபேக்டர் அளவு மட்டும் பார்த்துக் கேரியர் இல்லை என்று எழுதிய காகிதத்தோடு யார் வந்தாலும், மரபணுப் பரிசோதனை வரை அதை முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. பெண்களைத் தனியாகச் சந்திப்பதையும் முதல் நாளுக்கே மாற்றிவிட்டோம்.

முதல் சுற்றில் பரிசோதனைக்கு வர மறுத்த இளைய அக்கா, குழந்தை பிறந்த பிறகு தானாக வந்தார். அவரிடமும் இன்வெர்ஷன் இருந்தது. அவருடைய மகளுக்குக் கேரியராக இருக்க பாதி வாய்ப்பு. சிறுமிக்கு மரபணுப் பரிசோதனை இப்போது செய்யவில்லை. அது அவள் வளர்ந்து தானே கேட்க வேண்டிய விஷயம். ஆனால் ஃபேக்டர் 8 அளவைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் கேரியர் பெண்களுக்கும் ரத்தம் கசியும். அவள் பாட்டியின் மூன்று பிரசவங்களும் பல் பிடுங்கிய கதையும் அதைத்தான் சொல்லின. அளவு 34 சதவீதம் வந்தது. 40-க்குக் கீழே என்றால் லேசான ஹீமோஃபிலியா என்றே கணக்கு. அவள் இன்னும் பூப்பெய்தவில்லை. முதல் மாதவிடாய் வந்தால் எத்தனை நாள், எவ்வளவு போக்கு என்று எழுதிவைக்க அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறோம். போக்கு மிகுந்தால் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, எந்த வலிக்கும் ஆஸ்பிரின் கூடாது, பல் பிடுங்கும் முன் எங்களுக்குத் தகவல் என்று எழுதிய அட்டை ஒன்று சிறுமியின் பள்ளிப் பையில் இருக்கிறது. இன்னொன்று வகுப்பாசிரியரிடம்.